பூனை சொல்லிவிட்டுத்தான் கீறுகிறது



பிள்ளை கையில் கீறலோடு வந்தால் "பொல்லாத பூனை" என்கிறோம். சாக்கில் போட்டுக் கொண்டுபோய்ச் சந்தையடியில் விட்டுவிடுகிறோம். ஆனால் அது முதலிலேயே சொல்லியிருக்கும், நாம்தான் கவனிப்பதில்லை.

வாலை நேராக உயர்த்தி வந்தால், அது ஸலாம் சொல்வது மாதிரி. காதுகள் பின்னால் படிந்து, வால் அங்குமிங்கும் அடித்தால் "போதும், விடு" என்று அர்த்தம். முதுகை வளைத்து மயிர் சிலிர்த்து நிற்பது திமிரல்ல, பயம். மல்லாந்து வயிற்றைக் காட்டுவது பெரும்பாலும் நம்பிக்கை, தடவக் கூப்பிடுவதல்ல. அங்கே கை வைத்துத்தான் பல பிள்ளைகள் கீறு வாங்குகிறார்கள்.

பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட பெண்ணின் ஹதீஸை மத்ரஸாவில் சொல்லிக் கொடுக்கிறோம். காதையும் வாலையும் பார்க்கச் சொல்லிக் கொடுப்பதும் அதே இரக்கம்தான் என்பது என் கருத்து.

இன்னொன்று. பூனையை விட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் சில பிள்ளைகள் கீறலை மறைக்கிறார்கள். விசர்நோய் விஷயத்தில் அது உயிராபத்து. கடியோ கீறலோ, சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிள்ளைக்கு ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை சொல்லாது.