ஊசுட்டேரிக் கரையும் நம் மருந்துச்சீட்டும்

உலகப் பாலூட்டிகளின் மொத்த எடையில் கால்நடைகள் 60 விழுக்காடு, மனிதர்கள் 36, காட்டு விலங்குகள் வெறும் 4. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கணக்கு இது. பறவைகளிலும் ஏறத்தாழ 70 விழுக்காடு வளர்ப்புக் கோழியினம்தான்.

புதுச்சேரியின் வில்லியனூரிலும் பாகூரிலும் தொழுவம் தொழுவமாகப் போய்வரும் கால்நடை மருத்துவருக்கு இதைப் புள்ளிவிவரம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாகூர் வயல்களில் மாட்டின் காலடியில் எழும் பூச்சிகளைப் பிடித்து உண்ணிக்கொக்கு பிழைத்துக்கொண்டது. இப்போது டிராக்டருக்குப் பின்னாலும் வருகிறது. எல்லா உயிருக்கும் அப்படி வாய்க்கவில்லை.

பாறு கழுகுகளை நினைத்துப் பாருங்கள். மாட்டுக்கு நாம் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் அவற்றை அழித்தது. மருந்து உடலில் இருக்கும்போதே மாடு செத்தால், அந்தச் சடலத்தைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். நூற்றில் ஒன்றுக்கும் குறைவான சடலங்களில் மருந்து இருந்தாலே பேரழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. கால்நடைகளுக்கு அந்த மருந்தை அரசு தடை செய்தது 2006இல். அதேபோல் பாறுகளைக் கொல்லும் கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் தடைபட 2023 ஆயிற்று. இவ்வளவு தாமதம் நம் துறைக்குப் பெருமையல்ல. தமிழ்நாட்டில் பாறுகள் இன்று மாயாற்றுப் பள்ளத்தாக்கையும் அதைச் சுற்றிய காடுகளையும் நம்பியே வாழ்கின்றன.

நம் சமவெளியில் பாறு இல்லையே, இனி என்ன கவலை என்று கேட்கலாம். பாறு செய்த வேலையை இப்போது நாய்கள் செய்கின்றன. ஏரிக்கரையில் வீசிய கன்றின் சடலம் அவற்றுக்குத் தீனி. புதுச்சேரி அரசு 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஊசுட்டேரியின் ஓரத்தில், வெறுந்தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக்கு அந்த நாய்களே எதிரி. வெறிநோய் அச்சமோ மக்களுக்கு.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்சிகாம் அல்லது டோல்ஃபெனாமிக் அமிலத்தை எழுதுங்கள். பாறுகளுக்கு இவை தீங்கற்றவை எனச் சோதனைகள் காட்டியுள்ளன. மாடு இறந்த வீட்டில் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்று, ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கச் சொல்லுங்கள். குழி ஏரிக்கும் கிணற்றுக்கும் தள்ளி இருக்கட்டும். கறவை மாட்டைப் பார்க்கப் போகும்போது அந்த வீட்டு நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் கேட்டுவிடுங்கள்.