பச்சைச் சட்டையும் நீலச் சட்டையும்



கால்பந்து உலகக் கோப்பை வந்துவிட்டால் களியக்காவிளையில் தமிழ்நாடு எங்கே முடிகிறது, கேரளம் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். 1956 நவம்பர் 1 அன்று வரையப்பட்ட மாநில எல்லையை அர்ஜென்டினாவின் நீல வெள்ளைக் கொடியும் பிரேசிலின் பச்சை மஞ்சள் கொடியும் ஒரு மாத காலத்திற்கு அழித்துவிடுகின்றன. 2022இல் கோழிக்கோடு அருகே புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் மாபெரும் உருவப் பலகைகள் நின்ற செய்தி உலகெங்கும் போயிற்று. அதே நாட்களில் கேரளத்தின் சமஸ்தா குத்பா கமிட்டியின் பொறுப்பாளர், விளையாட்டின் மீதான நேசம் வழிபாட்டின் எல்லையைத் தொட்டுவிடக் கூடாது என்று எச்சரித்தார். நம் வீடுகளிலும் அது பேச்சாயிற்று. மூத்தோர் சரியாகச் சொன்னார் என்றார்கள். பிள்ளைகள் இது வெறும் விளையாட்டு என்றார்கள்.

நாம் வேறொன்றைக் கவனிக்கிறோம். அர்ஜென்டினா மீதான பற்று ஒரு மாதத்தில் ஆறிவிடும். தோற்ற அன்று சோறு இறங்காது. மறுவாரம் கொடி கடைத்திண்ணையில் சாக்காகக் கிடக்கும். ஆபத்து அங்கே இல்லை. ஓர் அணியின் சட்டையோடு மார்க்கத்தின் பெயரோ, மார்க்கத்துக்குள் இருக்கும் ஒரு பிரிவின் பெயரோ ஒட்டிக்கொள்ளும்போது அந்தச் சட்டையைக் கழற்றத் தலைமுறைகள் போதுவதில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் இதற்குச் சான்று.

அந்நகரில் இரண்டு பெரிய அணிகள். நீலச் சட்டை அணியும் ரேஞ்சர்ஸ் 1872இல் தோன்றியது. சில இளைஞர்கள் கூடித் தொடங்கிய அந்த அணிக்குத் தொடக்கத்தில் மத முகம் ஏதும் இல்லை. பச்சை வெள்ளைச் சட்டை அணியும் செல்டிக் 1887இல் தொடங்கப்பட்டது. பஞ்சத்தாலும் வறுமையாலும் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கர்களின் பிள்ளைகள் நகரின் கிழக்குப் பகுதியில் பசியால் வாடினார்கள். அவர்களுக்கு உணவளிக்கப் பணம் திரட்டுவதற்காக வால்ஃப்ரிட் என்ற துறவி தொடங்கிய அணி அது. 1888 மே மாதம் செல்டிக் ஆடிய முதல் ஆட்டமே ரேஞ்சர்ஸுக்கு எதிரானதுதான். அது நட்பு ஆட்டம்.

அந்த நட்பு நிலைக்கவில்லை. வேலைக்காக வந்த கத்தோலிக்கர் மீது ஸ்காட்லாந்தின் புரொட்டஸ்டண்ட் பெரும்பான்மைக்குக் காழ்ப்பு வளர்ந்தது. அயர்லாந்தின் அரசியல் கொந்தளிப்பும் கப்பல் கட்டும் துறைக்கு பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் பழைய பகையும் சேர்ந்துகொண்டன. நாளடைவில் நீலம் புரொட்டஸ்டண்ட் என்றும் பச்சை கத்தோலிக்கர் என்றும் ஆயிற்று. கத்தோலிக்கர் என்று அறியப்பட்ட ஆட்டக்காரரைச் சேர்ப்பதில்லை என்பது ரேஞ்சர்ஸ் அணியின் எழுதப்படாத விதியாகப் பல பத்தாண்டுகள் நீடித்தது. செல்டிக் அப்படிக் கதவை அடைக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1967இல் அந்த அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அதன் மேலாளராக இருந்த ஜாக் ஸ்டீன் ஒரு புரொட்டஸ்டண்ட். ஆயினும் அரங்கத்தின் பாட்டும் வசையும் அதனால் குறைந்துவிடவில்லை.

1989 ஜூலையில் ரேஞ்சர்ஸ், மோ ஜான்ஸ்டன் என்ற கத்தோலிக்கரை ஒப்பந்தம் செய்தது. அவர் முன்னர் செல்டிக் அணிக்கு ஆடியவர்; அங்கேயே திரும்பப் போவதாக அறிவித்தும் இருந்தார். இரு தரப்பும் கொதித்தன. தம் அணியின் கழுத்துத் துண்டுகளைத் தாமே தீயிட்டுக் கொளுத்திய ரேஞ்சர்ஸ் ரசிகர்களின் படங்கள் நாளிதழ்களில் வந்தன. ஒரு மனிதன் எந்தக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றான் என்பது, அவன் எத்தனை கோல் அடிப்பான் என்பதைவிடப் பெரிதாகப் போன ஊர் அது.

1995இல் நடந்ததை எழுதவே கை தயங்குகிறது. செல்டிக் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு நடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த 16 வயது மாணவன் ஒருவன் தெருவில் கழுத்தறுக்கப்பட்டு இறந்தான். அன்றைய ஆட்டம் ரேஞ்சர்ஸுக்கு எதிரானதுகூட இல்லை. அவன் யாரிடமும் சண்டைக்குப் போகவும் இல்லை. அவன் செல்டிக் பக்கத்தவன்; அது போதுமானதாக இருந்தது. அவனுடைய பள்ளித்தோழி ஒருத்தி பின்னர் இந்த வெறிக்கு எதிராக ஓர் இயக்கத்தையே தொடங்கினாள். அரங்க வெறுப்பைத் தடுக்க 2012இல் சட்டம் இயற்றினார்கள். 2018இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். சட்டத்தால் ஆகக்கூடியது கொஞ்சம்தான் போலும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படிக் கத்துகிறவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை கோவில் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள். அந்த மக்களே தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பழைய நகைச்சுவை ஒன்று உண்டு. இரவில் ஒருவரை வழிமறித்து நீ கத்தோலிக்கனா, புரொட்டஸ்டண்டா என்று கேட்கிறார்கள். நான் முஸ்லிம் என்கிறார் அவர். சரி, கத்தோலிக்க முஸ்லிமா, புரொட்டஸ்டண்ட் முஸ்லிமா என்று மறுபடி கேட்கிறார்கள். நாம் சிரிக்கிறோம். மார்க்கம் உள்ளே காலியாகி, அதன் பெயர்ப்பலகை மட்டும் வெளியே தொங்கும் நிலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

உண்மையிலேயே ஒரு முஸ்லிம் அந்தச் சட்டையை அணிந்ததுண்டு. கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அணிக்கு ஆடிய முகமது சலீம், 1936இல் தம் உறவினருடன் கிளாஸ்கோ சென்று செல்டிக் அணியில் இடம் கேட்டார். வெறுங்காலோடு ஆடுபவர் அவர். பூட்ஸ் போடாத ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஆட முடியுமா என்று முதலில் வியந்தார்கள். ஆடிக் காட்டிய பிறகு சேர்த்துக்கொண்டார்கள். செல்டிக் அணியின் ஜிம்மி மெக்மெனமி, குனிந்து சலீமின் காலில் துணிக்கட்டுப் போடும் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. இரண்டே ஆட்டங்கள்; அங்குள்ள பத்திரிகை அவரை இந்திய வித்தைக்காரர் என்று கொண்டாடியது. ஊர் நினைவு தாங்காமல் அவர் கல்கத்தா திரும்பிவிட்டார். ஐரோப்பிய அணி ஒன்றுக்காக ஆடிய முதல் இந்தியத் துணைக்கண்டத்தவர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். ஒரு கத்தோலிக்கரின் கை முஸ்லிம் ஒருவரின் பாதத்தைப் பிடித்திருக்கும் அந்தப் படத்தை நம் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மெஸ்ஸியின் படம் எங்கேதான் இல்லை?

சலீமின் தாய் அணியைப் பற்றியும் பேசியாக வேண்டும். இல்லையேல் பிறர் குறையை மட்டும் பேசியவர்களாவோம். 1891இல் உருவான முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அதற்கு முன் வேறெந்த இந்திய அணியும் அந்தப் பட்டத்தை வென்றதில்லை. பெங்களூரிலிருந்தெல்லாம் முஸ்லிம் ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்த்தார்கள். ஒடுங்கியிருந்த ஒரு சமுதாயம் நிமிர்ந்து நடக்க அந்த வெற்றிகள் உதவின என்பதை மறுக்க மாட்டோம். செல்டிக் அணியின் தொடக்கமும் அப்படிப்பட்டதே. பசித்த பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றப் பிறந்த அணியைக் குறைசொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் காலம் போகப்போகக் கஞ்சி மறந்துபோகிறது. கொடி மட்டும் மிஞ்சுகிறது. பம்பாயில் நடந்ததும் இதுவே. அங்கே கிரிக்கெட்டில் இந்து அணி, முஸ்லிம் அணி, பார்சி அணி, ஐரோப்பியர் அணி என்று மோதினார்கள். 1937இல் 'மற்றவர்கள்' என்ற பெயரில் ஐந்தாவது அணியும் சேர்ந்தது. இந்தியக் கிறித்தவர், ஆங்கிலோ இந்தியர், யூதர் எல்லோரும் அதில் அடக்கம். கிளாஸ்கோவில் ஒரே அணியில் சேர்ந்து நிற்க முடியாத இரு பிரிவினரும் பம்பாயில் ஒரே 'மற்றவர்கள்'! புரொட்டஸ்டண்ட் கிறித்தவரான விஜய் ஹசாரே 1943 இறுதி ஆட்டத்தில் அணியின் 387 ஓட்டங்களில் 309 ஓட்டங்களைத் தாமே எடுத்தார். சமய அடிப்படையிலான இந்தப் போட்டியை 1940இலேயே காந்தி கண்டித்திருந்தார். 1946க்குப் பிறகு அது நடக்கவில்லை. கோப்பை யாரிடம் போயிற்று என்று இன்று கேட்டால் பதில் சொல்பவர் அரிது.

நபி (ஸல்) அவர்களின் காலத்திலும் போட்டிகள் இருந்தன. அஸ்லம் கோத்திரத்தார் அம்பெய்து பழகிக்கொண்டிருந்தபோது அவ்வழியே வந்த நபிகளார் அவர்களை ஊக்கப்படுத்தி, ஒரு தரப்பாரைக் குறிப்பிட்டு, தாம் அவர்களோடு இருப்பதாகச் சொன்னார்கள். உடனே மறுதரப்பார் கையை நிறுத்திவிட்டார்கள். நீங்கள் அவர்களோடு இருக்கும்போது நாங்கள் எப்படி எய்வோம் என்றார்கள். எய்யுங்கள், நான் உங்கள் எல்லோருடனும் இருக்கிறேன் என்ற பொருளில் நபிகளார் விடையளித்தார்கள். ஸலமா இப்னு அல் அக்வஃ (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் உள்ளது. தூதரின் பெயர் ஒரு தரப்புக்கு உரியதாகிவிட்டால் மறுதரப்பின் கை தளர்ந்துவிடும்; ஆட்டமும் அங்கேயே நின்றுவிடும். பள்ளிவாசலின் பெயரையோ ஜமாஅத்தின் பெயரையோ சட்டையில் அச்சிடுமுன் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நிகழ்ச்சி இதைவிடக் கடுமையானது. பயணம் ஒன்றில் முஹாஜிர் ஒருவர் அன்சாரி ஒருவரை உதைத்துவிட்டார். அடிபட்டவர் அன்சாரிகளைக் கூவி அழைத்தார். மற்றவர் முஹாஜிர்களைக் கூவி அழைத்தார். இது அறியாமைக் காலத்து அழைப்பு, அழுகி நாறுவது, விட்டுவிடுங்கள் என்று நபிகளார் கண்டித்தார்கள். முஹாஜிர், அன்சார் என்பவை குர்ஆனே சிறப்பித்த பெயர்கள். அந்த நல்ல பெயர்களே கோஷமாக மாறியபோது நாற்றமெடுத்தன. தன் கூட்டத்தை நேசிப்பது அஸபிய்யா அன்று, அநீதியிலும் தன் கூட்டத்தாருக்குத் துணை நிற்பதே அஸபிய்யா என்ற விளக்கமும் ஹதீஸில் வந்திருக்கிறது. அப்படியானால் நம் அணிக்காக மகிழ்வதில் தவறில்லை. நம் பையன் காலைத் தட்டி விழவைத்தான் என்று கண்ணால் கண்டும், நடுவர் அவர்கள் ஆள் என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறோமே, தவறு அங்கே இருக்கிறது.

களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் போகும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தால் சி.எஸ்.ஐ., இலத்தீன் கத்தோலிக்கர், மலங்கரைக் கத்தோலிக்கர், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று எத்தனையோ ஆலயங்களைப் பார்க்கலாம். நம்மில் பலருக்கு அவர்கள் எல்லோரும் வேதக்காரர்கள்தாம்; ஆர்.சி.க்கும் சி.எஸ்.ஐ.க்கும் பெண் எடுப்பதில் உள்ள சிக்கல் நமக்குத் தெரியாது. அவர்களுக்கும் அப்படியே. சுன்னத் ஜமாஅத், தவ்ஹீத் என்று நாம் பள்ளிவாசல்களைப் பிரித்துக்கொண்டதும் ஒருவர் பின்னால் ஒருவர் தொழ மறுப்பதும் அவர்களுக்கு விளங்காது. இரு பக்கமும் இத்தனை பிளவு இருந்தும் மைதானம் மட்டும் இதுவரை பெரும்பாலும் பொதுவாக இருந்துவருகிறது. தூத்தூர், இரவிபுத்தன்துறைக் கடற்கரைகளில் பந்தாட்டம் ரத்தத்தில் ஊறியது. இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் அந்தக் கரைக்காரர். அவர் ஆடியபோது எந்தக் கோவில் பையன் என்று நாம் கேட்கவில்லை, நம் மாவட்டத்துப் பையன் என்றுதான் சொன்னோம்.

இப்போது விடுமுறைக்கால செவன்ஸ் போட்டிகளில் மஹல்லா அணி, இயக்க அணி என்று ஆள் சேர்க்கும் பேச்சு எழுவதைக் கேட்கிறோம். நம் பிள்ளைகளாவது ஒன்றாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் பலர் இதைச் சொல்கிறார்கள். தொழுகை தவறாது, கெட்ட சகவாசம் வராது என்பதும் அவர்கள் வாதம். பெற்றோரின் இந்த அச்சத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் தொழுகையைக் காக்க வேண்டியது ஆட்டத்தின் நேரத்தை, ஆட்டக்காரரின் பட்டியலை அன்று. அஸர் முடிந்து தொடங்கி மக்ரிப் பாங்குக்கு முன் முடித்தால் யாருடைய தொழுகையும் தவறாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் ஜோசப்பையும் சுரேஷையும் விலக்க வேண்டிய தேவையும் எழாது.

போட்டி நடத்தும் இளைஞர்களிடம் நாம் கேட்பது இவ்வளவே. அணிகளுக்குத் தெருவின் பெயரையோ மரத்தின் பெயரையோ வையுங்கள். பள்ளிவாசலின் பெயர் வேண்டாம். ஆட்டக்காரர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். இந்த ஆண்டு எதிரணியில் இருந்தவன் அடுத்த ஆண்டு உங்களுக்குப் பந்தைக் கடத்துவான். நடுவராக வேறு ஊர்க்காரரை அழையுங்கள். பெரிய ஃபிளக்ஸ் பலகைக்கு வசூலிக்கும் தொகையில் பாதியையாவது, ஷூ வாங்க வசதியில்லாத பையன்களுக்கென ஒதுக்குங்கள், அவன் எந்தத் தெருவைச் சேர்ந்தவனாக இருந்தாலும். சலீம் வெறுங்காலில் ஆடினார் என்பதற்காக இவர்களும் அப்படியே ஆட வேண்டியதில்லை.