தேங்காயெண்ணெயும் ஒரு வைல் லூப்பும்

போன வாரம் நாகர்கோவில்ல இருந்து அப்பா போன். "மக்கா, அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரைய நிறுத்திட்டேன். காலைல வெறும் வயித்துல ரெண்டு ஸ்பூன் தேங்காயெண்ணெய் குடிக்கேன்" என்றார். வாட்ஸப்புல வந்த அறிவியலாம்: நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு உடம்புல தங்காது, நேரா ஈரலுக்குப் போய் எரிஞ்சிடும். எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வச்ச மனுஷன்!

நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்லை. ஆனா ஆணி புடுங்குறதை ஓரங்கட்டிட்டு ரெண்டு நாள் படிச்சேன்.

கொழுப்பு அமிலம் என்பது ஒரு கார்பன் சங்கிலி. மைட்டோகாண்ட்ரியா அதை ரெண்டு ரெண்டு கார்பனா நறுக்குது. சுத்தமான வைல் லூப். 16 கார்பன் உள்ள பால்மிடிக் அமிலத்துக்கு 7 சுத்து, 8 துண்டு. 1904-ல ஃபிரான்ஸ் க்னோப் இதைக் கண்டுபிடிச்ச விதம் நம்மாளுங்களுக்குப் பிடிக்கும். சங்கிலியோட வால்ல, உடம்பால உடைக்க முடியாத பென்சீன் வளையத்தை ஒட்டி நாய்களுக்குக் கொடுத்து, சிறுநீர்ல என்ன வருதுன்னு பார்த்தார். பக்கா டிபக்கிங்!

நீளமான சங்கிலி மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள நுழைய கார்னிடைன் என்ற கேட் பாஸ் வேணும். 8, 10 கார்பன் சங்கிலிகளுக்கு அது வேண்டாம். குடல்ல இருந்து நேரா ஈரலுக்குப் போயிடும். இதுவரை வாட்ஸப் சொன்னது சரி.

நிற்க. தேங்காயெண்ணெயில் அந்த ரெண்டும் சேர்ந்து சுமார் 15 சதவீதம்தான். கிட்டத்தட்டப் பாதி, 12 கார்பன் லாரிக் அமிலம். பேருக்குத்தான் நடுத்தரம், பெரும்பகுதி நீளமான சங்கிலி மாதிரியே நிணநீர் வழியா சுத்திதான் ரத்தத்துக்கு வருது. 8, 10 மட்டும் பிரிச்செடுத்த எண்ணெயோட ரிசல்ட்டைத் தேங்காயெண்ணெய்க்குச் சொல்றது, வேற ப்ராஜெக்டோட டெஸ்ட் ரிப்போர்ட்டைக் காட்டி நம்ம ப்ராஜெக்டை ரிலீஸ் பண்ற மாதிரி.

2020-ல 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. சூரியகாந்தி, ஆலிவ் மாதிரியான எண்ணெய்களை விட தேங்காயெண்ணெய் எல்டிஎல்லை சுமார் 10 புள்ளி ஏத்துது. நல்ல கொலஸ்ட்ராலும் கொஞ்சம் ஏறுது, இல்லைன்னு சொல்லலை. அதுக்காக மாத்திரையைத் தூக்கிப் போட முடியுமா?

தேங்காயெண்ணெய் விஷமும் இல்லை. அது ஊத்தாத அவியல் அவியலே இல்லைங்கிறதுல நானும் அம்மா கட்சிதான். ஆனா சாப்பாடு சாப்பாடா இருக்கட்டும், மருந்து மருந்தா இருக்கட்டும்.

இதையெல்லாம் சொன்னதும் அப்பா "சரி மக்கா, பாக்கேன்" என்று வச்சுட்டார். அம்மாகிட்ட ரகசியமா விசாரிச்சேன். மாத்திரை திரும்ப ஆரம்பிச்சாச்சாம். எண்ணெய் மட்டும் ரெண்டு ஸ்பூன்ல இருந்து ஒண்ணாயிருக்காம்.

உங்க அப்பா காலைல என்ன குடிக்கிறார்? ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க மக்களே.