பைக் செயினுக்கு சேலைன் ஏற்றுவோர் கவனத்துக்கு



நோட்டன் பிரிட்ஜில் தென்மேல் பருவ மழை பிடித்தால், காலையில் செயினுக்குப் பூசிய ஒயில் பின்னேரம் இருக்காது. ஹட்டன் போய் வருவதற்குள் கிறீச்சிடும். ஆகவே தானாக ஒயில் விடும் கருவி பூட்டுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஸ்கொட்லாந்தின் ஸ்கொட்டொயிலர் என்ஜின் காற்றை உறிஞ்சும் விசையில் திறக்கிறது. ஓடும்போது நிமிடத்துக்கு ஒன்றிரண்டு துளி. என்ஜின் நின்றால் ஒயிலும் நிற்கும்.

நாங்கள் எதிர்ப்பது சேலைன் குழாயை. சீட்டுக்குக் கீழே போத்தலைக் கட்டி, கராஜில் வடித்த பழைய என்ஜின் ஒயிலை ஊற்றிவிட்டு, "எல்லாம் ஒன்றுதான் சேர்" என்கிறார்கள். ஒன்றல்ல! மூட மறந்தால் ராத்திரி முழுக்கச் சொட்டும். அந்த ஒயில் படிந்த டயரோடு காலையில் ஈர வளைவில் இறங்குவது யார்? பின்னால் பிள்ளையை ஏற்றிக்கொண்டு பாடசாலைக்கு வரும் வாப்பாதான். பழைய ஒயிலில் கரியும் இரும்புத் தூளும் கிடக்கிறது. அது செயினைத் தின்னும். வழிந்தது கானில் இறங்கி கெஹெல்கமு ஓயாவுக்கே போகும்.

கம்பனி சாமான் விலைதான், ஒத்துக்கொள்கிறோம். அப்படியென்றால் 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் அதற்கும் முன்னே, துடைத்துவிட்டு கியர் ஒயிலைக் கையால் பூசுங்கள். பத்து நிமிட வேலை. அதற்கும் சோம்பல்படுகிறோம், ஆசிரியர்கள் நாங்களும் சேர்த்துத்தான்.

குழாய் பூட்டியவர்கள் இன்றைக்கே பின் டயரின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள்.