அருகில் எவரும் இல்லாத வேளையில்



அண்மையில் பேரணாம்பட்டில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். சிறுவயதில் என்னிடம் ஓதிய மாணவரின் வீடு அது. தோல் பதனிடும் ஆலையொன்றில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்த்து வந்தவர், சரக்கை எண்ண லாரியின் மீது ஏறியபோது தவறி விழுந்தார். கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டது. தோளுக்குக் கீழே அசைவில்லை. அறிவும் நாவும் முன்போலவே இருக்கின்றன.

பேசினால் எழுத்தாக்கும் வசதி கணினியில் உண்டென்று கேள்விப்பட்டு, வெளிநாட்டிலுள்ள தமையனார் விலையுயர்ந்த மைக் ஒன்றை அனுப்பியிருந்தார். ஆனால் இவர் சொல்வது ஒன்று, திரையில் தோன்றுவது வேறொன்று. இரண்டே வாரத்தில் அது பரண்மேல் போய்விட்டது. "அவன் குரலே போயிடுச்சு ஹஜ்ரத், மெஷினுக்குக்கூட விளங்கலை" என்று தாயார் கண்கலங்கினார். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த மைக்கைப் பரணிலிருந்து இறக்கி, முன்பு வைத்திருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். மூன்று முழத்துக்கு அப்பால் மேசையின் மறுகோடி; தலைக்குமேல் மின்விசிறி; சன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர். குறை குரலில் இல்லை என்பது அப்போதே விளங்கிற்று.

இன்று பல இல்லங்களில் இந்தத் தேவை எழுந்துள்ளது. தமிழிலும் உருதுவிலும் பேசி எழுதும் வசதியைக் கூகுள் நிறுவனம் 2017ஆம் ஆண்டு தந்தது. இயந்திரத்தில் விரல்களை இழந்தவர், பார்வையற்றவர், கைநடுக்கம் உள்ள முதியவர் ஆகிய யாவருக்கும் இது வாசல் திறக்கக்கூடியது. அந்த வாசலின் சாவி மைக். அதை விலைப்பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதால்தான் தவறு நேர்கிறது.

முதலாவது, தொலைவு. வாய்க்கும் மைக்குக்கும் இடைவெளி இருமடங்கானால், குரலின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும். மின்விசிறியின் இரைச்சலோ அப்படியே இருக்கும். கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு மூச்சுத் தசைகள் தளர்வதால் குரல் மெலிந்திருப்பது இயல்பு. அவர்களுக்கு மைக் அருகிலிருப்பது மேலும் அவசியம். உதட்டோரத்திலிருந்து இரு விரற்கடை தூரம் போதும். ஆனால் வாய்க்கு நேரே வைக்கலாகாது. 'ப' போன்ற எழுத்துகளை உச்சரிக்கையில் வெளிப்படும் காற்று மைக்கில் மோதி ஓசையைக் கெடுக்கும். சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பஞ்சுறை மாட்டுதல் நலம்.

இரண்டாவது, இரைச்சல். பெட்டியின்மீது 'நாய்ஸ் கேன்சலிங்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு ஏமாறாதீர்கள். பெரும்பாலும் அது கேட்பவரின் காதுக்கான வசதி, மைக்குக்கு உரியதன்று. மைக்கே இரைச்சலை விலக்குகிறதா என்று கேட்டு வாங்குங்கள். அவ்வகை மைக்கில் முன்னும் பின்னும் துளைகள் இருக்கும். தொலைவிலிருந்து வரும் ஓசை இரண்டிலும் ஏறத்தாழச் சமமாக நுழைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அருகிலுள்ள குரல் மட்டும் மேலோங்கி நிற்கும்.

மூன்றாவது, இணைப்பு. யுஎஸ்பி வழியாகச் செருகும் மைக், ஒலியை எண்களாக மாற்றும் பகுதியைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால், பழைய கணினிகளின் உள்ளிரைச்சல் அதில் சேராது. கம்பியில்லாத புளூடூத் வகைகளில் பழையவை தொலைபேசியைப்போல ஒலியைக் குறுக்கி அனுப்பும். மக்ரஜ் கற்பிக்கும் எங்களைப் போன்றோர் அறிவோம்: ஸ, ஷ, ஃப என்பவற்றைப் பிரித்துக் காட்டுவது மேற்சுருதி ஓசை. அது வெட்டுப்பட்டால் எழுத்து மாறும். மேலும், கையசையாதவருக்கு அதை நாள்தோறும் சார்ஜ் செய்துதர ஒருவர் வேண்டும்.

பார்வையற்றவர் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளைப் பயன்படுத்துவார். அதன் குரல் ஒலிபெருக்கியில் வந்தால் மைக் அதையும் எழுதத் தொடங்கிவிடும். ஆகவே காதில் அணியும் ஹெட்செட் வேண்டும். அதுவும் ஒரு காதுக்கு மட்டும் உள்ளதாயின், வாசலில் யார் வந்தார் என்பதை மற்றக் காது அறியும்.

வாதத்தால் பேச்சே குழறுவோர்க்கு மைக் மட்டும் தீர்வாகாது. பேச்சுப் பயிற்சியாளரை அணுகுதல் வேண்டும்.

இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. எங்கள் மாணவருக்கு எளிய யுஎஸ்பி ஹெட்செட் ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்தினோம். எழுத்துகள் செம்மையாக வந்தன. வீடே மகிழ்ந்தது. மறுநாள் நண்பகலில் அது காதிலிருந்து நழுவிற்று. தாயார் கடைக்குச் சென்றிருந்தார். அவர் திரும்பும்வரை மகன் வாளாவிருந்தார்.

அன்றுதான் எனக்கு உறைத்தது. நாம் அருகில் இருக்கும்போது மைக் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்த்தோம். நாம் இல்லாதபோது என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. ஹெட்செட்டைத் தானே மாட்டிக்கொள்ள இயலாதவருக்கு, சக்கர நாற்காலியிலோ கட்டிலிலோ பொருத்தி, வளையும் தண்டின் நுனியில் வாயருகே நிற்கும் மைக்கே ஏற்றது. கைப்பொத்தானை அழுத்தி இயக்கும் வகையும் வேண்டா. 2022இல் விண்டோஸ் 11இல் சேர்க்கப்பட்ட 'வாய்ஸ் அக்செஸ்' போன்ற வசதிகள், ஆங்கிலத்தில் குரல் கொடுத்தே நிறுத்தவும் தொடங்கவும் இடமளிக்கின்றன.

நம் வேலூர் இதற்கு முன்னோடியான மண். மருத்துவர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியால் 1966இல் பாகாயத்தில் எழுந்தது. கருவி மனிதருக்குப் பொருந்த வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. இத்தகைய நிலையங்களிலுள்ள தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் ஆலோசனை கேட்டபின் கடைக்குச் செல்லுங்கள். இயன்றால் இரவல் வாங்கி, அவர் இருக்கும் அறையிலேயே, மின்விசிறி சுழலும் நண்பகலில் பேசிப் பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

பேரணாம்பட்டில் இப்போது கட்டிலோரம் வளைதண்டு மைக் நிற்கிறது. இதுகாறும் தமையனாருக்குரிய கடிதங்களைத் தங்கையிடம் சொல்லி எழுதி வந்தவர், சென்ற வாரம் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத் தாமே எழுதினார். என்ன எழுதினார் என்று தாயாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமலிருப்பதே முறை. உங்கள் இல்லத்திலும் அப்படியொருவர் இருந்தால், அவருக்காக மைக் வாங்கும் முன் அவரிடமே கேளுங்கள்: "நாங்கள் இல்லாதபோது உனக்கு எது தோது?"