தாயின் மூக்கு கண்டறிந்த நோய்!

பிறந்த குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது. பால் குடிக்கிறது. வீட்டில் ஒரே மகிழ்ச்சி! அந்தப் பாலே சில குழந்தைகளுக்கு நஞ்சாகி விடும் என்றால் நம்ப முடிகிறதா? நம்பத்தான் வேண்டும்.

உண்ட உணவை உடல் பல படிகளில் மாற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு 'என்சைம்' உண்டு. பிறவியிலேயே அது வேலை செய்யாவிட்டால், மாறவேண்டிய பொருள் இரத்தத்தில் தேங்குகிறது, மூளையைக் கெடுக்கிறது.

நார்வே தாய்

நார்வே நாட்டில் ஒரு தாய். அவளுடைய இரண்டு குழந்தைகளுக்கும் அறிவு வளரவில்லை. அவர்களிடம் ஏதோ ஒரு வாடை வீசுவதை அவள் கவனித்தாள். பல டாக்டர்களிடம் முறையிட்டாள். யாரும் பொருட்படுத்தவில்லை.

1934-ல் ஆஸ்லோ நகரத்து டாக்டர் போலிங் அவள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். குழந்தைகளின் சிறுநீரில் பெரிக் குளோரைடு என்ற ரசாயனத்தைக் கலந்தார். அது பச்சை நிறமாக மாறியது! நோய் அகப்பட்டது. பிறகு மனவளர்ச்சி குன்றிய 430 பேரைச் சோதித்தார். மேலும் 8 பேருக்கு அதே நோய்! இன்று அதன் பெயர் 'பினைல் கீட்டோனூரியா'.

ஆனால், அந்த இரு குழந்தைகளுக்கும் காலம் கடந்து விட்டது.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் இன்னொரு தாய். "என் மகளுக்கு வழி கண்டுபிடித்தீர்களா?" என்று டாக்டர் பிக்கலின் ஆய்வுக்கூட வாசலில் காலைதோறும் காத்து நின்றாள். கெடுதல் செய்யும் பொருளைக் குறைத்துத் தனி உணவு தயாரித்தார் பிக்கல். குழந்தை தவழ்ந்தது, நிற்கவும் தொடங்கியது! 1953-ல் இச்செய்தி வெளியானது.

ஒரு சொட்டு இரத்தம்

பிறகு அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி எளிய சோதனை ஒன்றைக் கண்டார். குழந்தையின் குதிகாலில் ஒரு குத்து. காகிதத்தில் சில சொட்டு இரத்தம். அவ்வளவுதான். இப்போது இம்முறையில் வேறு பல பிறவி நோய்களும் தெரிகின்றன. பல நாடுகளில் பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் இது நடக்கிறது. இந்தியாவில் இன்னும் எல்லாருக்கும் கிட்டவில்லை. கிட்டியே ஆகவேண்டும். ஆயுள் முழுதும் அழுவதைவிட, குழந்தை ஒரு நிமிடம் அழுவது மேல்!

வீட்டார் செய்ய வேண்டியது

நன்றாக இருந்த சிசு சில நாளில் சோர்ந்து போகிறதா? பால் குடிக்க மறுக்கிறதா? ஓயாமல் வாந்தியா? வலிப்பா? சிறுநீரில் காய்ச்சிய பாகு போன்ற வாடையா? "கண்ணேறு" என்று சுற்றிப் போட்டுக் காலம் கடத்தக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். டாக்டர் சொல்லாமல் பாலை நிறுத்தவும் கூடாது.

முன்பு பிறந்த குழந்தை காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். உறவில் மணந்தோருக்கு இத்தகைய நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுதல்.

மருமகளின் மீது பழி போடுவது அநியாயம். இந்நோய்களில் பெரும்பாலானவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருபவை. அவளைத் திட்டுவதை விட்டு, "குழந்தை என்னவோ போல் இருக்கிறது" என்று அவள் சொல்லும்போது கேளுங்கள். அந்த ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கும்!