மகள்களைக் கொண்டு ஒரு கணக்கு

மக்கள் தொகை பெருகுகிறது என்று பேச்சுப் போட்டி மேடைகளில் நாம் முழங்குகிறோம். 1951-இல் 36 கோடியாக இருந்த பாரத மக்கள் 2011-இல் 121 கோடியாயினர் என்று புள்ளிவிவரமும் கூறுகிறோம். ஆனால் நாளைய பெருக்கத்தை அறிஞர்கள் எவ்வாறு அளக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்?

அவர்கள் மகள்களைத்தான் எண்ணுகிறார்கள்! ஒரு தாய் பெறும் பெண் மக்களுள் எத்தனை பேர் பிழைத்து வளர்ந்து, தாயாகும் பருவத்தை எய்தி, அவளுடைய இடத்தை நிரப்புவர் என்று கணக்கிடுகிறார்கள். இதற்கு நிகர இனப்பெருக்க வீதம் என்று பெயர். அது ஒன்றானால் மக்கள் தொகை காலப்போக்கில் நிலைபெறும், மிகுந்தால் பெருகும், குறைந்தால் சுருங்கும். 2000-க்குள் இந்த ஒன்றை எட்ட வேண்டுமென்று 1983-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை இலக்கு வகுத்தது.

இலக்கு நல்லதே. ஆனால் அதை அடைய இரண்டு வழிகள் உண்டு. ஓர் ஊரில் 100 தாய்மார் 205 குழந்தைகளைப் பெறுகின்றனர் என்று கொள்வோம். இயற்கை முறைப்படி அவர்களுள் ஏறத்தாழ 100 பேர் பெண்கள். அனைவரும் வளர்ந்து தாயானால் வீதம் ஒன்று. மற்றோர் ஊரில் 100 தாய்மாருக்கு 250 குழந்தைகள். பெண்கள் 122 பேர். அவர்களுள் 22 பேர் இளமையிலேயே மடிந்தால் எஞ்சுவோர் 100. அங்கும் வீதம் ஒன்றுதான்! ஏட்டில் இரண்டு ஊர்களும் சமம். ஆனால் இரண்டாம் ஊரில் 22 தொட்டில்கள் வெறுமையாகிவிட்டனவே!

இது வெறும் கற்பனையன்று. பெண் சிசுக்களைக் காக்க நம் மாநில அரசு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது. கருவில் பாலினம் அறிவதைத் தடுக்க 1994-இல் சட்டம் இயற்றப்பட்டது. அப்படியும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுவரையுள்ள ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் நாட்டில் 920 பேர்கூட இல்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே. எண் குறைந்துவிட்டது என்று பெருமை கொள்வதற்கு முன், எவ்வழியில் குறைந்தது என்று கேட்பது நம் கடமையன்றோ? தடுப்பூசியாலும் சத்துணவாலும் குழந்தைகள் பிழைத்தால், பெற்றோர் அச்சமின்றிச் சிறு குடும்பத்தை விரும்புவர். கல்வி கற்ற பெண் தானே முடிவெடுப்பாள். அதுவே நேர்வழி.

அன்புப் பெற்றோரே, சகோதரிகளே! இறைவன் தந்த ஒவ்வொரு மகளும் வாழ வேண்டும். கணக்கு சரியாவதற்காக எங்களுள் ஒருத்தியும் கழிக்கப்படலாகாது.